புதுப்பிப்பு: உயிரியல் மாணவர்களுக்கு இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பகுதியில் செய்முறைப் பயிற்சி

விலங்கியல், உயிரித்தொழில்நுட்ப இறுதியாண்டு மாணவர்களுக்கு வேலைக்கு உதவும் செய்முறைப் பயிற்சி இராமநாதபுரம் கடற்கரையில் எங்கே கிடைக்கும் என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மாணவர்கள் தனித்தனியே விண்ணப்பிக்காமல், கற்க வேண்டிய வேலையின் பெயரைக் குறிப்பிட்டுத் துறைத்தலைவர் வழியாகக் கடிதம் அனுப்பலாம் என்ற யோசனையே பலித்தது. ‘பயிற்சி வேண்டும்’ என்ற பொதுவான கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ‘உயிர் உணவு வளர்ப்பு’ (மீன் குஞ்சுகளுக்கு இரையாகும் சிற்றுயிர்களை வளர்ப்பது) என்று எழுதியதும் மண்டபம் அருகே ஒரு மீன் குஞ்சுப் பொரிப்பகம் இடமளித்தது. அங்கே மாணவர்கள் நுண்பாசியை வளர்த்து, அதன் செல்களை நுண்ணோக்கியில் எண்ணி, அதைக் கொண்டு ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்குகளைப் பெருக்கி, ஆர்டீமியா என்னும் சிறு உவர்நீர் உயிரியின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, நீரின் உப்புத்தன்மையையும் அன்றாடம் அளந்து பதிந்தார்கள். பாடத்தில் ஒரு பத்தியாகக் கடந்துபோகும் இந்த வேலைதான் பொரிப்பகத்தின் உயிர்நாடி.

கப்பாபைகஸ் கடற்பாசி வளர்ப்பையும் சிலர் பரிந்துரைத்திருந்தீர்கள். மூங்கில் மிதவையில் கட்டிய பாசி சுமார் 45 நாளில் அறுவடைக்கு வருவதால் விடுமுறைக் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் பாக் விரிகுடா கொந்தளிப்பதால் அந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குள் செல்ல வனத்துறை அனுமதி தேவை. பவளத்தையும் கடல் அட்டையையும் மாதிரிக்காக எடுப்பதும் சட்டப்படி தடைசெய்யப்பட்டது.

எதிர்பாராதது ஒன்று: பின்னர் நேர்காணல் நடத்தியவர்கள் அச்சிட்ட திட்ட அறிக்கையைப் புரட்டவேயில்லை, உப்புக்கறை படிந்த அன்றாடப் பதிவேட்டைத்தான் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.