கட்டளைத் தொகுப்பு இலவசம், லோகோ அப்படியல்ல: ரிஸ்க்-ஃபைவ் அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:
வாவிக் கரையில் இறால் வளர்க்கும் ஒருவருக்குத் தண்ணீரின் உப்பையும் வெப்பத்தையும் அளக்கும் பெட்டி செய்து கொடுத்தேன். உள்ளே இஎஸ்பி32-சி3, 160 மெகாஹேர்ட்ஸில் ஓடும், ஒற்றைக் கோர் (கட்டளைகளை ஓட்டும் பகுதி) உள்ள சிப். அது புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல், அதாவது கட்டளைத் தொகுப்பு, ரிஸ்க்-ஃபைவ். பெட்டி நன்றாக ஓடவே, இன்னும் கொஞ்சம் செய்து விற்போம் என்று கூட்டாளி வந்தான். மூடியில் ரிஸ்க்-ஃபைவ் லோகோ போட்டு ஸ்டிக்கர் அடிக்க வேண்டுமாம். "ஓப்பன்தானே மச்சான், ஆர் கேக்கப் போறா?"

சரி என்று விதிகளை எடுத்து வாசித்தேன். கட்டளைத் தொகுப்பின் ஆவணம் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் கோர் செய்யலாம், ரோயல்டி இல்லை. பெயரும் லோகோவும் வேறு கணக்கு. அவை சுவிட்சர்லாந்தில் பதிவான ரிஸ்க்-ஃபைவ் இன்டர்நேஷனலின் வர்த்தகக் குறிகள். விற்கும் பொருளில் லோகோ போட அங்கே உறுப்பினராக வேண்டும். ஆகவே லோகோ இல்லை. விபரத்தாளில் மட்டும் எந்தச் சிப் என்று சாதாரண எழுத்தில் ஒரு வரி. இறால்காரர் அதையும் வாசித்திருக்க மாட்டார்.

ஒலுவிலிலிருந்து:
தம்பி செய்தது சரி. இந்தத் துறையில் பெயருக்காகக் கோர்ட் ஏறியவர்கள் உண்டு. 1998இல் லெக்ஸ்ரா என்ற நிறுவனம் தன் கோரை மிப்ஸ் என்ற வேறொரு கட்டளைத் தொகுப்புக்குப் பொருந்தும் என்று விளம்பரப்படுத்தப் போய் வழக்கு வாங்கியது. மிப்ஸின் சில லோட், ஸ்டோர் (நினைவகத்திலிருந்து எடுக்கும், அதில் வைக்கும்) கட்டளைகள் அந்தக் கோரில் இருக்கவில்லை.

எனக்கு லோகோ பிரச்சினை வரவில்லை. கம்பஸ் பொடியன்களோடு எஃப்பிஜிஏயில் (உள்ளே சுற்றை நாமே அமைக்கக்கூடிய சிப்) ரிஸ்க்-ஃபைவ் கோர் செய்தபோது வந்தது வேறு. அடிப்படைத் தொகுப்பில் 40 கட்டளைதான், கட்டுவது சுகம். ஆனால் கேரி ஃபிளாக், அதாவது கூட்டலில் மிஞ்சும் ஒன்றைக் குறித்து வைக்கும் பிட், இல்லை. இன்னொரு கட்டளைத் தொகுப்பான 32 பிட் ஏஆர்எம்மில் 64 பிட் கூட்டல் இரண்டு கட்டளை, இங்கே நான்கு. கீழ்ப்பாதியைக் கூட்டி, விடை சிறுத்துவிட்டதா என்று ஒப்பிட்டுக் கேரியைப் பிடித்து, மேல்பாதியைக் கூட்டி, அப்புறம் கேரியைச் சேர்க்க வேண்டும். ஃபிளாக் இருந்தால் கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் பெரிய கோர்களுக்குத் தலையிடி என்பது காரணம். நியாயம்தான், ஆனால் சின்னக் கோரில் நிரல் எழுதுகிறவன்தான் அதற்கு விலை கொடுக்கிறான். ஒரு பொடியன் தானாகவே ஒரு கேரிக் கட்டளையைச் சேர்த்தான். தடையில்லை, அதற்கென்றே ஒப்கோட் (கட்டளையை அடையாளம் காட்டும் எண்) இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குத்தான் அந்தக் கட்டளையைத் தெரியாது. தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அசெம்பிளியை, அதாவது சிப்பின் கட்டளைகளை நேரடியாகவே, கையால் எழுதினான்.

அம்பாறையிலிருந்து:
நானா, உங்களுக்குக் கேரி, எனக்கு வகுத்தல். வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அளக்கும் சென்சர், நேரத்தைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கும். ஏஆர்எம் வகைக் கோரான கோர்டெக்ஸ்-எம்3 உள்ள பழைய போர்டை எடுத்துவிட்டு ரிஸ்க்-ஃபைவ் போர்டைப் போட்டோம். வாய்க்கால் காய்ந்த அன்று திரையில் -1. "தண்ணி பின்னுக்கு ஓடுதா தம்பி?" என்று வயற்காரர் போன் எடுத்தார்.

ரிஸ்க்-ஃபைவில் பூச்சியத்தால் வகுத்தால் பிழை என்று நிரலை இடைமறிக்கும் எந்தப் பொறியும் (ட்ராப்) கிளம்பாது. எல்லாப் பிட்டும் 1ஆக விடை வரும், குறியுள்ள எண்ணாக வாசித்தால் அது -1. சோதனை வேண்டுமென்றால் மென்பொருளில் ஒரு கிளைக் கட்டளை (நிபந்தனை பார்த்து வேறிடம் தாவுவது) போதும், இதற்காக வன்பொருளில் தனிப்பாதை வேண்டாம் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். கோர்டெக்ஸ்-எம்3 வழமையாக 0 என்றே விடை தரும், அதனால்தான் பழைய போர்டில் யாரும் கவனிக்கவில்லை. வகுக்குமுன் துடிப்பு 0ஆ என்று பார்க்கும் வரியைச் சேர்த்தாயிற்று. பழைய போர்டுகள் சில இன்னும் வாய்க்கால்களில் கிடக்கின்றன, அவற்றிலும் இந்த வரியை ஏற்ற வேண்டும்.