ஸ்பிரே பாட்டில் மக்கர் செய்தால் தலையை மட்டும் மாற்றினால் போதுமா?

தில்லைநகர் வாணி
கண்ணாடிக்கு, அடுப்பு மேடைக்கு, குளியலறைக் குழாய்களுக்கு என்று தனித்தனி ஸ்பிரே பாட்டில் வைத்துத்தான் எங்கள் வீட்டில் துடைக்கிறோம். கடையில் வாங்கிய திரவம் தீர்ந்ததும் அதே பாட்டிலில் வினிகர் கலந்த தண்ணீரோ, பழத்தோலையும் வெல்லத்தையும் ஊறவைத்து வீட்டில் போட்ட பயோ என்சைமோ ஊற்றிக்கொள்வேன். என் நாத்தனார் இதைப் பார்த்தாலே சண்டைக்கு வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நான் சொல்வது இதுதான். பாட்டில் கெடுவதில்லை, மேலே இருக்கும் தலைதான் கெடுகிறது. அதுவும் பாதி நேரம் கெடுவதில்லை, அடைத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் வரும் தெருவில் இருப்பவர்களுக்கு இது புரியும். தலை மட்டும் தனியாக மலிவாகக் கிடைக்கும்போது நல்ல பாட்டிலைக் குப்பையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஆய்வகத்தார்
மறுக்கிறேன் அக்கா. ஆறு மாதம் என்ற கணக்குக்கு ஆதாரம் இல்லை, அதை விட்டுவிடுவோம். ஆனால் "பாட்டில் கெடுவதில்லை" என்பது தவறு. உள்ளே என்ன ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் பெட் பிளாஸ்டிக். வினிகரைத் தாங்கும், சோப்புத் தண்ணீரைத் தாங்கும். காஸ்டிக் சோடா போன்ற கடும் காரத்தைத் தாங்காது. நாளாக ஆக வலுவிழந்து விரிசல் விடும். 2 என்று இருந்தால் எச்டிபிஈ, அதாவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். பிளீச் திரவத்தை ஒளி புகாத எச்டிபிஈ பாட்டிலில் விற்பதற்குக் காரணம் இருக்கிறது. பிளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். கண்ணாடி துடைக்கும் திரவம் வந்த பளிங்கு மாதிரிப் பாட்டிலில் பிளீச்சைக் கலந்து ஜன்னல் ஓரம் வைத்தால் சில நாளில் அதில் கிருமியைக் கொல்லும் சரக்கு பெரிதாக இருக்காது. வீட்டில் தண்ணீர் சேர்த்த பிளீச்சை 24 மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

இதைவிடப் பெரிய அச்சம் ஒன்று. இன்று வினிகர் இருந்த பாட்டில், நாளை பிளீச் ஊற்றும் பாட்டில். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு. கழிப்பறை கழுவும் ஹார்பிக்கில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், அதோடும் இதே கதை. ஒரே பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் பழக்கம்தான் எனக்குப் பிரச்சினை, பாட்டிலின் வயது அல்ல.

பட்டறை முத்து
சார் சொல்வதில் பிளீச் பற்றியது சரி. ஆனால் அக்கா கேட்டது தலையைப் பற்றி. அதைப் பேசலாமே.

ஸ்பிரே தலை என்பது கையளவு அடிபம்பு. விசையை அழுத்தினால் உள்ளே பிஸ்டன் போய்த் திரவத்தை மூக்கு வழியாகத் தள்ளுகிறது. விட்டால் ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், அந்த வெற்றிடத்தில் குழாய் வழியாகத் திரவம் மேலேறும். திரும்பக் கீழே இறங்காமல் ஒரு சின்னக் கோலி தடுக்கும், சிலவற்றில் ரப்பர் மூடி. இது தெரிந்தால் எந்தப் பழுது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

விசை அழுந்துகிறது, காற்றுதான் வருகிறது என்றால் முதலில் குழாயைப் பாருங்கள். தலையில் செருகிய இடத்தில் கழன்றிருக்கும், அல்லது அங்கே கீறல் விழுந்திருக்கும். நிறைய வெட்ட வேண்டாம், கீறிய நுனியை மட்டும் நறுக்கிவிட்டு அழுத்திச் செருகினால் போதும். குழாய் வளைந்திருந்தால் வளைவு மூக்குப் பக்கம் பார்த்திருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்துத் தெளிக்கும்போது கடைசிச் சொட்டு வரை வரும்.

தெளிக்கத் தெளிக்கப் பாட்டில் உள்நோக்கி ஒடுங்குகிறதா? தலையில் காற்று உள்ளே போக வைத்திருக்கும் ஓட்டை அடைத்திருக்கிறது. பலர் இதைப் பாட்டில் போச்சு என்று நினைத்து எறிகிறார்கள். வெந்நீரில் ஊறவைத்தால் திறந்துகொள்ளும்.

விசை அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டால் ஸ்பிரிங் துரு, அல்லது பிஸ்டன் ஓரத்தில் சோப்பு காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருந்தால் வெந்நீர் போதும். துரு என்றால் புதுத் தலை.

மூக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது தண்ணீரின் சுண்ணாம்பு. வினிகரில் அரை மணி நேரம் போட்டுவிட்டு நல்ல தண்ணீரை நாலைந்து முறை அடித்தெடுங்கள். தயவுசெய்து குண்டூசி விட்டுக் குத்தாதீர்கள். துளை அகன்றுவிட்டால் அதற்குப் பிறகு மழைச்சாரல் வராது, பீய்ச்சல்தான் வரும்.

ஒன்று மட்டும் கவனம். தலையைக் கொதிக்கும் நீரில் போடலாம், அது பெரும்பாலும் சூடு தாங்கும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். பெட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றக் கூடாது. 70 டிகிரியைத் தாண்டினாலே இளகிச் சுருங்கிவிடும்.

தில்லைநகர் வாணி
தம்பி, இதைத்தான் நாத்தனாருக்கு அனுப்பப் போகிறேன்.

ஆய்வகத்தார் சார், நான் பிளீச்சே வீட்டில் வாங்குவதில்லை. எனக்குத் தேவை பயோ என்சைம்தான். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊறல். அதை ஊற்றும் பாட்டிலில் எந்த அபாயமும் இல்லையே? அப்புறம் ஏன் மாற்ற வேண்டும்?

ஆய்வகத்தார்
பயோ என்சைமுக்கு எதிராக நான் நிற்கவில்லை. ஆனால் ஸ்பிரே பாட்டிலுக்கு அதைவிடத் தொல்லை தரும் திரவம் குறைவு. மூன்று மாதம் முடியாமல் அவசரத்தில் வடித்து ஊற்றினால் உள்ளே நொதித்தல் தொடரும், வாயு சேரும், பாட்டில் உப்பும். நன்றாக முடிந்த பிறகும் தோல் துணுக்கு, அடிவண்டல் எல்லாம் இருக்கும். மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் ஊற்றினால் தலை அடைத்துக்கொள்வதில் வியப்பே இல்லை.

இன்னொன்று, தீரத் தீர மேலே ஊற்றி நிரப்புவது. கை கழுவும் திரவ சோப்புக் கலனைப் பாதி தீர்ந்த நிலையில் நிரப்பக் கூடாது, கிருமி வளரும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002-லேயே மருத்துவமனைகளுக்குச் சொல்லிவிட்டது. வீட்டில் கலக்கிற திரவத்தில் அதைத் தடுக்கும் பதனப்பொருளும் கிடையாது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில நாளில் வாடை மாறும். காலி செய்து, கழுவி, தலையைக் கழற்றிக் கவிழ்த்துக் காயவைத்து, பிறகு நிரப்பினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். எத்தனை வீட்டில் அப்படிச் செய்கிறார்கள்? செய்யாத வீட்டுக்கு நாத்தனார் சொல்வதுதான் பாதுகாப்பு.

கரிசல் மகள்
நான் இருவரையும் மறுக்கிறேன். ஸ்பிரே எதற்கு? ஈரத் துணி, ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். நம் வீடுகள் அப்படித்தான் சுத்தமாக இருந்தன.

சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா நேரத்தில் உலக சுகாதார நிறுவனமே சொன்னது, வீட்டுக்குள் கிருமிநாசினியைத் தெளிக்க வேண்டாம், துணியில் நனைத்துத் துடையுங்கள் என்று. தெளித்தால் எல்லா இடத்திலும் படாது, மூச்சில் போகும். குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் மோசம். 1990 முதல் 2006 வரை அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு வீட்டுத் துப்புரவுப் பொருட்களால் காயம்பட்டு வந்த 5 வயது வரையான குழந்தைகளை எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எந்தக் கலனால் அதிகம் என்று பார்த்தால் ஸ்பிரே பாட்டில்தான் முதலிடம், 40 விழுக்காடு. விளையாட்டுத் துப்பாக்கி வடிவில் ஒரு பொருளைச் செய்து அதில் வேதிப்பொருளை நிரப்பி மேடையில் வைத்தால் குழந்தை எடுக்காமல் என்ன செய்யும்?

பட்டறை முத்து
குழந்தை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். மூக்கை மூடிய நிலைக்குத் திருப்பி, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பாட்டில் மேல் என்ன திரவம், என்று கலந்தது என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் தலையைத் திருகி வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தலையைக் கழற்றிவிட்டால் அது மறுபடி குடிதண்ணீர் பாட்டில்தான், இருட்டில் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

ஆனால் எரிவாயு அடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஓடு, ஜன்னல் கொசுவலை, மின்விசிறி இறக்கை? துணிமேல் தெளித்துக்கொண்டு துடைத்தால் நீங்கள் சொல்லும் மூச்சுப் பிரச்சினையும் குறையும், திரவமும் கொஞ்சமாகத்தான் போகும்.

கரிசல் மகள்
துணிமேல் தெளிப்பதற்குத் துணியையே நனைத்துவிடலாமே தம்பி. என் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஓசூர் ரேகா
ரீஃபில் பை வாங்குகிறவர்கள் யாரும் பேசவில்லை. பாட்டிலை வைத்துக்கொண்டு பை வாங்கினால் பிளாஸ்டிக் எடை குறையும், உண்மை. ஆனால் அந்தப் பை பெரும்பாலும் பல அடுக்குப் பிளாஸ்டிக். பழைய பேப்பர் கடைக்காரர் பெட் பாட்டிலை எடுத்துக்கொள்வார், இந்தப் பையை எடுக்க மாட்டார். ஸ்பிரே தலையையும் எடுக்க மாட்டார், உள்ளே இரும்பு ஸ்பிரிங்கும் இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக்கும் கலந்திருக்கிறது. அதனால் வாணி அக்காவின் கணக்கைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். விற்றுக் காசாக்க முடிகிற பாட்டிலைக் காப்பாற்றுகிறோம், எங்கும் போகாத தலையை அடிக்கடி எறிகிறோம். தலையைக் கழுவி நீட்டிப்பதில்தான் உண்மையான லாபம்.

தில்லைநகர் வாணி
இந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை ரேகா. முத்து தம்பி சொன்ன வெந்நீர் வேலைக்கு இன்னும் மதிப்பு கூடுகிறது.

ஆனால் சார் சொன்ன "காயவைத்து நிரப்பு" என்பதற்காகப் பாட்டிலை எறிய வேண்டும் என்ற முடிவை நான் இப்போதும் ஏற்கவில்லை. கழுவாத வீட்டில் புதுப் பாட்டிலும் ஒரே மாதத்தில் அதே நிலைக்கு வந்துவிடும். கழுவக் கற்றுக்கொடுப்பதுதான் வழி. ஒரு பாட்டிலுக்கு ஒரு திரவம் என்பதை ஏற்கிறேன், இன்றே பெயர் எழுதி ஒட்டுகிறேன்.

முத்து தம்பி, புதுத் தலை வாங்கும்போது சில பாட்டிலில் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

பட்டறை முத்து
வாய் அளவு, மரை, குழாய் நீளம். வீட்டுத் துப்புரவுப் பாட்டில்கள் நிறைய 28 மி.மீ. வாய். அதிலேயே 400, 410 என்று இரண்டு மரை உண்டு. 400-இல் மரை ஏறத்தாழ ஒரு சுற்று, 410-இல் ஒன்றரைச் சுற்று. மாற்றிப் போட்டால் திருகின மாதிரி இருக்கும், சாய்த்தால் ஒழுகும். எண்ணெல்லாம் ஞாபகம் வைக்க வேண்டாம், காலிப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்த் திருகிப் பார்த்து வாங்குங்கள். குழாய் நீளமாக இருந்தால் வீட்டில் நறுக்கிக்கொள்ளலாம், குட்டையாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நுனியைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சாது.

ஆய்வகத்தார்
புதுத் தலையையும் முதலில் வெறும் தண்ணீரில் அடித்துப் பார்த்துவிட்டு நிரப்பவும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை மட்டும் எந்தத் தலையிலும் ஊற்ற வேண்டாம். தெளிந்த மாதிரித் தெரிந்தாலும் சுண்ணாம்பு வண்டல் உள்ளே போய் அடைக்கும், குளோரின் ஸ்பிரிங்கை அரிக்கும். அதற்கு வாளியும் துடைப்பமும்தான். இந்த ஒன்றில் நான் கரிசல் மகள் பக்கம்.