இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை காட்டுப்பாதையில் யாத்திரையாக நடந்தவர்களே, உங்கள் மனத்தை விட்டு அகலாத சந்திப்பு எது?

வந்தாறுமூலையான்

கதிர்காமத் திருவிழாக் கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுப்பாதை திறந்திருக்கும் நாட்களைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உகந்தை முருகன் கோயிலில் தேங்காய் உடைத்து, வாயிலில் பதிவையும் முடித்துக்கொண்டு, விடியுமுன்னே குமண வனத்துக்குள் இறங்கினோம். குமுக்கன் ஆற்றை எட்டுவதற்குச் சற்று முன்பாக, பாதையோரப் பாலைமரத்தின் கீழே கரடி ஒன்று நின்றது. பாலைப்பழம் உதிரும் காலம் அது. கரடி தலையை நிமிர்த்தாமல், சருகுகளுக்கிடையே கிடந்த பழங்களை உறிஞ்சி உறிஞ்சித் தின்றுகொண்டிருந்தது. அந்த உறிஞ்சும் ஒலி எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது என்றால் தூரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முன்னால் வேல் ஏந்திச் சென்ற முதியவர் இடக்கையைப் பின்னுக்கு நீட்டி எங்களை நிறுத்தினார். அரோகராச் சத்தம் எழுப்பவில்லை. பந்தியில் இருப்பவரிடம் விடைபெறுவதுபோல, "சாமி, நீங்க சாப்பிடுங்க, நாங்க போறம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, பாதையை விட்டு விலகிப் பற்றைகளின் ஓரமாக எங்களை அழைத்துச் சென்றார். அவர் பேசியது கரடியுடனா, அல்லது திரும்பி ஓடத் தயாராக நின்ற எங்களுடனா என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

தொண்டைமானாற்றுப் பெண்

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்தே நடந்து வந்த குழுவில் நானும் இருந்தேன். திருக்கோணமலையும் வெருகலும் மட்டக்களப்பும் கடந்து உகந்தைக்கு வரும்போது கால்கள் மரத்துப்போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். என்னால் மறக்க முடியாதது மண்டூரைச் சேர்ந்த ஓர் அம்மம்மாவை.

வற்றிக் கிடந்த மணலாற்றில் அவர் முழங்கால் மடித்து அமர்ந்து, சிரட்டையால் ஊற்றுத் தோண்டினார். முதலில் ஊறிய கலங்கல் நீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். தாகம் தாங்காமல் நான் கையை நீட்டியபோது, ஒன்றும் பேசாமல் சிரட்டையின் பின்புறத்தால் என் விரல்களில் ஒரு தட்டுத் தட்டினார். தெளிந்த பிறகு எனக்குத்தான் முதலில் தந்தார். புறப்படும்போது ஊற்றை மூட வேண்டாம் என்றார். இரவில் குடிக்க வருபவர்கள் வேறு இருக்கிறார்களாம். பிறகு வழியில் அவரைத் தவறவிட்டேன். கதிர்காமத்துக் கூட்டத்தில் தேடியும் காணவில்லை.

காட்டுநேயன்

வந்தாறுமூலையானின் கதை அழகானது, ஆனால் அதைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டு யாரேனும் கரடியிடம் பேசிப் பார்க்கக் கிளம்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வியாழை என்ற இடத்தில் தங்கிய இரவுக்கு மறுநாள் காலையில், முந்திய மாலை நாங்கள் மணலில் பதித்த காலடிகளின் மேலேயே சிறுத்தையின் காலடிகள் பதிந்திருந்தன. அவ்வளவுதான்.

இனிக் கரடிக்கு வருவோம். இலங்கைக் காடுகளில் நடந்து செல்பவர் யானைக்கு அடுத்தபடியாக அஞ்ச வேண்டியது கரடிக்கே, சிறுத்தைக்கு அன்று. அதற்குப் பார்வை மந்தம், மோப்பமோ மிகக் கூர்மை. தின்பதில் மூழ்கியிருக்கும் கரடி, ஆளை மிக அருகில் திடீரென்று உணரும்போதுதான் பாய்கிறது. பாய்ந்தால் தலையையும் முகத்தையும் குறிவைக்கிறது. யாத்திரைக் காலமோ கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகின்ற காலம். நாம் நடப்பதும் ஏறத்தாழ அதே திசையை நோக்கித்தான். ஆகவே காற்று நம் முகத்தில் அடிக்கிறது. முன்னால் இருக்கும் விலங்குக்கு நம் வாடை போய்ச் சேராது. அதனால்தான் கூட்டமாக, இடைவிடாமல் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ நடக்க வேண்டும் என்கிறேன். பழமரங்களான பாலையும் வீரையும் நிற்கும் இடங்களில் விடியற்பொழுதிலும் அந்திப்பொழுதிலும் கூடுதல் கவனம் வேண்டும். எதிர்ப்பட்டுவிட்டால் ஓடாதீர்கள், முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குங்கள்.

தண்ணீரை ஒரே கலனில் சுமக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜீவனிப் பொட்டலங்கள் (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) அவசியம். வெறுங்கால் நேர்த்தி உள்ளவர்களைத் தடுக்க மாட்டேன், ஆயினும் நெருஞ்சி முள்ளை எடுக்க ஓர் ஊசியாவது மடியில் இருக்கட்டும். குமுக்கனில் கழுத்தளவு நீரில் நின்று நீராட வேண்டாம், அங்கே முதலைகள் உண்டு. மருதமர நிழலில் ஆழமற்ற இடமாகப் பார்த்துக் குளியுங்கள்.

வந்தாறுமூலையான்

காற்றைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பேசிக்கொண்டு நடக்கச் சொல்பவரும் நீங்கள், பேசியவரைக் குறை சொல்பவரும் நீங்கள். ஓடாமல் விலகிப் போனோமா இல்லையா?

மதுரை மலையேறி

நான் பக்தனாக வரவில்லை. அறுகம்பையில் அலைச்சறுக்குக்காகத் தங்கியிருந்தபோது, பொத்துவிலைக் கடந்து சென்ற காவியுடைக் கூட்டத்தைப் பார்த்து, விசாரித்து, சேர்ந்துகொண்டவன். முதல் நாளே எல்லோரும் என்னையும் சாமி என்று அழைத்தது கூச்சமாக இருந்தது.

முல்லைத்தீவிலிருந்து நடந்து வந்திருந்த ஓர் அம்மாவுடன் காட்டுக்குள் சென்றேன். வழியில் இராணுவத்தினர் பவுசரில் (தாங்கி வண்டியில்) தண்ணீர் வழங்கிய இடத்தில் எல்லோரும் வரிசையில் நின்றபோது, அவர் நிற்காமல் நடந்தார். "எனக்கு வேண்டாம், தம்பி. நீங்கள் நிரப்பிக்கொண்டு வாருங்கள்" என்றார். என் போத்தலில் இருந்து கொடுத்தபோதும் வாங்கவில்லை. மறுநாள் வெயில் கொளுத்தியது. இன்னொரு பவுசர் வந்தது. இம்முறை அவர் நின்றார், வரிசையின் கடைசியில். மீசை அரும்பாத ஒரு சிப்பாய் அவருடைய போத்தலை வாங்கி நிரப்பி, அதன் வாய்ப்புறத்தில் ஒட்டியிருந்த மணலைத் தன் சட்டை நுனியால் துடைத்து, "அம்மே" என்று இரண்டு கைகளாலும் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை, பாதை வளைந்து பவுசர் மறைந்த பிறகே குடித்தார். அன்றிரவு கஞ்சி குடிக்கும்போதும் அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டிருக்கலாமா என்று ஈழத்து நண்பர்களிடம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்டைமானாற்றுப் பெண்

கேட்காமல் விட்டதே நல்லது, தம்பி.

மாணிக்க கங்கை

மதுரை நண்பர் மரியாதையாக நடந்துகொண்டார், அவரைச் சொல்லவில்லை. ஆனால் மற்ற நாட்களில் குமண, யால தேசியப் பூங்காக்களில் பார்வையாளர்கள் வாகனத்தை விட்டுக் கண்ட இடத்தில் இறங்க முடியாது. யாத்திரைக் காலத்தில் மட்டுமே கால்நடையாகப் போக அனுமதி கிடைக்கிறது என்பதை அறிந்து, சாகசத்துக்காக மட்டும் வருபவர்கள் பெருகிவிட்டார்கள். நாவலடியில் இரவு தங்கியபோது, பக்கத்துக் கூடாரத்து இளைஞர்கள் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வைத்தார்கள். திருப்புகழ் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். சண்டைக்குப் போகவில்லை, எழுந்து வந்து அந்தக் கூடாரத்தைச் சுற்றி அமர்ந்துகொண்டார்கள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அணைந்தது. பெண்கள் அங்கேயே இருந்து, விட்ட அடியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். அந்த இளைஞர்களில் ஒருவன் தாளம் போட்டான் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். திருவிழாவின் இறுதியில் வரும் தீர்த்தம் வரை கதிர்காமத்தில் தங்குபவர்கள், அன்று பிற்பகலே கிழக்குக்குப் பேருந்து ஏற முயலாதீர்கள். நிற்கவும் இடம் கிடைக்காது. மறுநாள் அதிகாலையில் புத்தல வழியாக மொனராகலைக்குப் போய், அங்கிருந்து சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்குப் பேருந்து பிடியுங்கள். நடந்த கால்களுக்கு அதுவே தோது.