மறு: 'ஃபீட்த்ரூ' என்பதற்குத் தமிழ்ச்சொல்: 'மின்தூம்பு' ஆகுமா?

அவையினருக்கு வணக்கம்.

இதயமுடுக்கிக் (பேஸ்மேக்கர்) காப்புரிமைகளுக்கான சொற்பட்டியலில், மூடிய கருவிப் பேழையின் சுவரினூடே மின்னிணைப்பை வெளியே கொண்டுவரும் 'ஃபீட்த்ரூ' என்னும் உறுப்புக்கு 'ஊடுசெலுத்தி', 'மின்புகுவாய்' என இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லுமுன், இந்த உறுப்பு எப்படித் தேவைப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் வில்சன் கிரேட்பாட்ச் இதய ஒலியைப் பதிவுசெய்யும் சுற்றொன்றை அமைத்துக்கொண்டிருந்தபோது, 10 ஆயிரம் ஓம் தடைக்குப் பதிலாக 10 லட்சம் ஓம் தடையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திவிட்டார். தடையின் மதிப்பைக் காட்டும் நிற வளையங்கள் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று இருக்க வேண்டியவை, பழுப்பு, கறுப்பு, பச்சை என்று இருந்தன. சுற்று 1.8 மில்லிநொடி துடித்து, ஒரு நொடி ஓய்ந்து, மீண்டும் துடித்தது. அத்துடிப்பே உடலுள் பதிக்கும் இதயமுடுக்கியாக வளர்ந்தது. மருத்துவர் வில்லியம் சார்டாக்கின் குழு 1960இல் அதை நோயாளிகளுக்குப் பொருத்தியது. அதே ஆண்டு ஜூலையில் விண்ணப்பித்த காப்புரிமை 3,057,356 என்ற எண்ணுடன் 1962 அக்டோபர் 9 அன்று வழங்கப்பட்டது.

அந்தத் தொடக்கக் கருவிகளில் 'ஃபீட்த்ரூ'வுக்கு இன்றுள்ள இடம் இல்லை. அவற்றில் இருந்த பாதரச-துத்தநாக மின்கலங்கள் ஹைட்ரஜன் வளிமத்தை வெளியிட்டதால் கருவியைக் காற்றுப்புகாமல் மூட வழியில்லாமல், எப்பாக்சிப் பிசினில் வார்த்துப் பதித்தார்கள்; வளிமம் வெளியேறிய அதே பிசின் வழியாக உடலின் ஈரமும் மெல்ல உள்ளே இறங்கியது. கிரேட்பாட்ச் 1970களின் தொடக்கத்தில் இதயமுடுக்கிக்கு ஏற்றதாக வளர்த்தெடுத்த லித்தியம்-அயோடின் மின்கலம் வளிமம் எதையும் வெளியிடாதது. அதன் பிறகே கருவி முழுவதையும் டைட்டானியப் பேழைக்குள் வைத்து விளிம்பைப் பற்றவைத்து மூட முடிந்தது. அப்படி மூடிய பேழையிலிருந்து துடிப்பு மட்டும் இதயத்துக்குப் போக வேண்டும், ஈரம் ஒரு துளியும் உள்ளே வரக்கூடாது, கம்பி பேழையின் உலோகத்தைத் தொடவும் கூடாது என்ற நிலையில்தான் இந்த உறுப்பு இன்றியமையாததாகிறது. நடுவே பிளாட்டினம் போன்ற உலோகத்தாலான மெல்லிய ஊசி, அதைச் சுற்றி அலுமினாப் பீங்கான், அதற்கும் வெளியே டைட்டானிய வளையம், இம்மூன்றையும் இணைக்கத் தங்கப் பற்றாசு: இதுதான் அதன் அமைப்பு.

இனி சொற்களுக்கு வருகிறேன். 'ஊடுசெலுத்தி' என்பதன் 'இ' விகுதி, மின்தூக்கி, குளிரூட்டி என்பவற்றில் போல, ஒரு வினையைச் செய்யும் கருவியைக் காட்டுகிறது. இந்த உறுப்போ எதையும் செலுத்துவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து வழிவிடுகிறது. காப்புரிமையின் உரிமைக்கோரல் பகுதியில் இப்பிழை விளையாட்டாகப் போகாது, ஏனெனில் அங்கே ஒவ்வொரு சொல்லும் உரிமையின் எல்லையை வரையறுக்கிறது. 'மின்புகுவாய்' என்பதோ, மின்வாய் என்பது மின்முனைக்குப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல் என்பதால், ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது குழப்பும்.

என் பரிந்துரை 'மின்தூம்பு'. ஏரிக்கரையை வெட்டாமல் அதனடியில் நீரைக் கொண்டுசெல்லும் அமைப்பைத் தூம்பு என்கிறோம். இதற்கு முந்தைய மடலில் அன்பர் ஒருவர், தூம்பு உள்ளே வெற்றிடமுடையது, ஊசியோ திண்மமானது. மேலும் தூம்பு நீரை விடுகிறது, இது நீரைத் தடுக்கிறது என்று மறுத்திருந்தார். முதல் மறுப்பு சரியே. இருந்தாலும், நான் உவமையாகக் கொண்டது தூம்பின் உட்குழியை அன்று. கரைக்கும் தூம்புக்கும் உள்ள பொருத்தை. தூம்பைச் சுற்றிக் களிமண்ணை இறுகத் திமிசு போடாமல் விட்டால், நீர் தூம்புக்குள் போகாமல் அதன் புறத்தை ஒட்டிக் கசிந்து, மண்ணை அரித்து, கரையையே உடைக்கும். பேழையிலும் அச்சத்துக்குரிய இடம் ஊசி அன்று, பீங்கானும் உலோகமும் சந்திக்கும் பொருத்துதான். ஹீலியத்தை வைத்துக் கசிவு பார்ப்பது அதற்காகத்தான். இரண்டாம் மறுப்புக்கு 'மின்' என்ற முன்னொட்டே விடை: இந்தத் தூம்பில் போவது மின்னோட்டம்.

புணர்ச்சி இலக்கணப்படி 'மின்றூம்பு' என்றே எழுதவேண்டும் என்பாரும் இருப்பார்கள். மின்தூக்கியை யாரும் மின்றூக்கி ஆக்கவில்லை என்பதால், இதையும் பிரித்தறியும்படியே விடலாம் என்பது என் கருத்து.

சொல்லை நீட்டிப் பார்த்தாலும் தாங்குகிறது. கைப்பேசி முதலியவற்றின் மின்காந்த இடையூறு உள்ளே நுழையாமலிருக்க மின்தேக்கியைச் சேர்த்துச் செய்யும் வகையை 'வடிப்பு மின்தூம்பு' எனலாம். பல ஊசிகள் உள்ளதைப் 'பன்முள் மின்தூம்பு' எனலாம். முன்பு ஒரு மொழிபெயர்ப்பில், கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் 'லீட்' என்னும் கம்பி 'ஈயம்' ஆகி, நோயாளியின் இதயத்துக்குள் ஈயம் செலுத்தப்பட்டதாக வாசித்தேன். பட்டியலில் அதற்கு 'இதயக்கம்பி' என்று எழுதியிருக்கிறேன். மின்தூம்பின் வெளிமுனை அதனோடுதான் இணைகிறது.

வெளி வளையமான 'ஃபெரூல்' என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. உலக்கை நுனியில் மாட்டும் பூண் அதேதான். 'டைட்டானியப் பூண்' என்று பட்டியலில் ஏற்றிவிட்டேன், மறுப்பிருந்தால் எழுதுங்கள்.