மறுமொழி: பாம்பின் உடல்மொழி – ‘ஸ்டார்கேசிங்’ என்பதற்குச் சொல்

குழுவினருக்கு வணக்கம். வளர்ப்புப் பாம்புகளின் நடத்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், ‘ஸ்டார்கேசிங்’ (விண்மீன்களைப் பார்ப்பதுபோல் தலை பின்னுக்குச் சாய்வது) பற்றி வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> விண்மீன்நோக்கு என்றே வைத்துக்கொள்ளலாமே, கேட்கவும் அழகாக இருக்கிறது.

அழகாக இருப்பதுதான் ஐயா எனக்கு உறுத்துகிறது. ஆங்கிலத்தில் யாரோ வேடிக்கையாக வைத்த பெயர் அது, குறிப்பதோ நோயை. பந்து மலைப்பாம்போ போவாவோ கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, மோவாய் மேலே தெரியும்படி தலையைச் சாய்த்துக் கிடக்கும். மல்லாக்கப் புரட்டிவிட்டால் தானாகக் கவிழத் திணறும். நரம்பு மண்டலத்தில் கோளாறு என்று அர்த்தம். கூண்டில் வெப்பம் எல்லை மீறியிருக்கலாம். உண்ணிக்கு அடித்த மருந்தின் நஞ்சு ஏறியிருக்கலாம். எல்லாவற்றிலும் கொடியது, உயிரணுக்களுக்குள் புரதத் துகள்கள் சேரும் தொற்றுநோய். அதற்கும் அரீனாவைரஸ்களுக்கும் உள்ள தொடர்பு 2012-இல் வெளியானது. இதற்கு மருந்து இல்லை. ‘விண்மீன்நோக்கு’ என்று படித்தவர் பாம்பைப் படம்பிடித்து மகிழ்ந்துகொண்டிருப்பார். அதைத் தனியே பிரித்து வைக்க வேண்டிய நேரம் போய்விடும்.

ஆகவே ‘அண்ணாப்பு இசிவு’ என்பது என் முன்மொழிவு. அண்ணாந்து பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. இசிவு என்றதும் நோய் என்று விளங்கிவிடும். இரண்டையும் புணர்த்தி ‘அண்ணாப்பிசிவு’ என்று மட்டும் எழுத வேண்டாம். படிப்பவர் நாக்குக்கு இசிவு வரும்.

> 255-ஆம் குறளில் அண்ணாத்தல் என்பது வாய்திறத்தல் அல்லவா? குழப்பம் வராதா?

நல்ல தடை. பாம்பு வாயைத் திறந்தபடி மூச்சுவிடுவது மூச்சுப்பாதைத் தொற்றின் அறிகுறி என்பதால் அதற்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும். ஆனால் வாய்திறத்தலுக்கு ‘அங்காப்பு’ என்ற சொல்லை இலக்கணம் முன்பே வைத்திருக்கிறது. அ, ஆ பிறக்கும் முயற்சியைப் பள்ளியில் அப்படித்தான் படித்தோம். வாய்க்கு அங்காப்பு, தலைக்கு அண்ணாப்பு என்று வரையறுத்துவிட்டால் சிக்கல் இல்லை. இன்றைய வழக்கில் அண்ணாத்தல் என்றால் யாரும் வாயை நினைப்பதும் இல்லை.

> பெரிஸ்கோப்பிங் என்பதும் தலைதூக்கல்தானே? இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.

போதாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரிஸ்கோப்பிங் என்பதில் சோளப் பாம்பு (‘கார்ன் ஸ்னேக்’) உடலின் முன்பகுதியைத் தூக்கி நின்று நாலாபக்கமும் பார்க்கும். தலை தரைக்கு இணையாக இருக்கும். நாக்கு வெளியே வந்து வந்து காற்றிலுள்ள வாசனைத் துகள்களை அள்ளி, மேலண்ணத்திலுள்ள, வாசனையை அறியும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகும். சுற்றுப்புறத்தை ஆராயும் பாம்பு அது. கூட்டத்தில் பின்னால் நிற்பவர் செய்வதைப் போல ‘எக்கிப் பார்த்தல்’ என்று சொல்லிவிடலாம். மோவாய் எங்கே பார்க்கிறது என்பதுதான் இரண்டுக்கும் வேறுபாடு என்பதை விளக்கக் குறிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

‘ஸ்பைடர்’ வகைப் பந்து மலைப்பாம்புகளுக்குப் பிறவியிலேயே வரும் தலையாட்டத்தை இவற்றோடு கலக்க வேண்டாம். அது மரபணுவால் வருவது. ‘தலைத்தள்ளாட்டம்’ என்று நேற்று அம்மா ஒருவர் எழுதியது சரியாகவே பொருந்துகிறது.

பன்றிமூக்குப் பாம்பின் ‘பிணநடிப்பு’க்கும் என் ஒப்புதல் உண்டு. மல்லாந்து, வாய்பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும் அதை நாம் நேராகப் புரட்டி வைத்தால், மறுபடி தானே மல்லாந்துகொள்ளும். செத்த பாம்பு அப்படிச் செய்யாது என்பது அதற்குத் தெரியவில்லை. ‘நடிப்பு’ என்ற சொல்லை இதற்குமேல் நியாயப்படுத்த வேண்டியதில்லை.