ராஜகால்வாய் வரைபடம்: தானியங்கிச் சோதனை ஒரு பிழையும் காட்டவில்லை, உதவி தேவை

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரில் நாலைந்து பேர் சேர்ந்து ஏரிகளையும் ராஜகால்வாய்களையும் (மழைநீர் ஓடும் பெரிய வடிகால்கள்) வரைந்துகொண்டிருக்கிறோம். வர்த்தூர் பக்கம் தொடங்கினோம். ஏரி பாலிகன் (மூடிய உருவம்), கால்வாய் கோடு, எல்லாம் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில். கால்வாயின் இரண்டு முனையும் ஏதாவது ஓர் ஏரிக்கோ வேறு கால்வாய்க்கோ 0.5-க்குள் இருக்கிறதா என்று எஸ்டி_டிவிதின் (தூரம் பார்க்கும் கட்டளை) வைத்து தினமும் இரவு ஒரு சோதனை ஓடுகிறது. அரை மீட்டர் விட்டுக்கொடுக்கலாம் என்று வைத்த எண் அது.

ஒரு வாரமாகப் பிழை பூஜ்யம். ஆனால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால், ஏரிக்கு இருபது மீட்டர் முன்னாலேயே நின்றுபோன கால்வாய்கள் கண்ணுக்கே தெரிகின்றன. உருவம் சரியா என்று பார்க்கும் எஸ்டி_ஈஸ்வேலிட் போட்டாலும் எல்லாம் சரி என்கிறது. மழைக்கு முன் இதை முடிக்க வேண்டும்.

சர்வேக்கல்:
தரவு 4326-இல், அதாவது அட்சரேகை-தீர்க்கரேகை முறையில், இருக்கிறதா? அப்படியானால் அலகு மீட்டர் இல்லை, டிகிரி. 0.5 டிகிரி ஏறக்குறைய 55 கிலோமீட்டர். வர்த்தூர் கால்வாய்க்கு ஓசூர் ஏரிகூடப் பக்கத்தில் இருப்பதாகத்தான் கணக்கு வரும்.

எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் வைத்து 32643-க்கு மாற்றுங்கள், அது யூடிஎம் மண்டலம் 43 வடக்கு, மீட்டரில் அளக்கும் முறை. எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி போட்டுவிடாதீர்கள், அது பெயர்ப்பலகையை மட்டும்தான் மாற்றும், எண்கள் அப்படியே இருக்கும். பின்னால் கோலார் வரை போவதாக இருந்தால் அங்கே மண்டலம் 44.

ஈஸ்வேலிட் ஒவ்வொரு உருவத்தையும் தனியாகத்தான் பார்க்கும். பாலிகன் தன்னைத் தானே வெட்டிக்கொண்டால் சொல்லும். பக்கத்துக் கோட்டைத் தொடுகிறதா என்பது அதன் வேலை இல்லை.

அல்சூர்வாசி:
4326-தான்! மாற்றிவிட்டேன், நன்றி. ஆனால் இப்போது 300-க்கு மேல் பிழைகள். எஸ்டி_ஸ்னாப் வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டிவிடலாமா?

சர்வேக்கல்:
பொறுங்கள். கால்வாய் தொடங்கும் முனை எதையும் தொட வேண்டியதில்லை. கோடுகளைத் தண்ணீர் ஓடும் திசையில் வரைந்திருந்தால் எஸ்டி_எண்ட்பாயிண்ட் (கடைசி முனை) மட்டும் போதும், பாதி பிழை போய்விடும். இன்னொன்று, மல்டிலைன் (பல துண்டுக் கோடு) இருந்தால் எண்ட்பாயிண்ட் வெற்று மதிப்பு (NULL) தரும், அந்தக் கால்வாய் சத்தமில்லாமல் சோதனையிலிருந்து நழுவிவிடும். முதலில் எஸ்டி_டம்ப் வைத்துப் பிரியுங்கள்.

ஏரிக்கரை:
ஒட்டுவது பற்றி நான் சொல்கிறேன் தம்பி, தயவுசெய்து வேண்டாம். போன வருடம் எங்கள் பகுதியில் இதே மாதிரி ஒரு இடைவெளியை 'பிழை' என்று மூடிவிட்டோம். நேரில் போய்ப் பார்த்தால் கால்வாய் நிஜமாகவே அங்கே முடிகிறது, மேலே கட்டடம். தண்ணீர் தெருவுக்குள் போவதற்குக் காரணமே அந்த இடம்தான். ஸ்னாப் அதை வரைபடத்திலிருந்து அழித்துவிடும், பிறகு யாரும் தேடவும் மாட்டார்கள்.

சோதனை கைகாட்டட்டும், கோட்டைத் தொடக் கூடாது. அட்டவணையில் ஒரு 'நிலை' பத்தி சேருங்கள்: வரைந்தவர் தவறு, சாலைக்கு அடியில் குழாய், களத்தில் அடைப்பு, இன்னும் பார்க்கவில்லை. முதல் மூன்றும் யாராவது பார்த்த பிறகு கையால் நிரப்ப வேண்டியவை. இரவுச் சோதனை 'இன்னும் பார்க்கவில்லை' என்பதை மட்டும் கேட்டால் போதும்.

அல்சூர்வாசி:
அண்ணா, பத்தி சேர்த்துவிட்டேன். எண்ட்பாயிண்ட் மட்டும் பார்த்ததில் 120 சொச்சம் மிச்சம். ஞாயிறு காலை வர்த்தூரிலிருந்து நடக்கத் தொடங்குகிறோம். பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துத் தருகிறேன், உங்கள் பகுதியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஏரிக்கரை:
அனுப்புங்கள். பள்ளத்தில் இருக்கும் தெருக்களை முதலில் வையுங்கள்.