தில்லி யமுனைப் பழைய இரும்புப் பாலம்: இன்று நிற்பது 1866ஆம் ஆண்டுப் பாலம்தானா?

கேள்வி – ஷாதரா வாசி

அனைவருக்கும் வணக்கம். தில்லியில் மக்கள் ‘லோஹே கா புல்’ என்றழைக்கும் பழைய யமுனைப் பாலத்தை, மேலே ரயிலும் கீழே சாலையுமாக 1866இல் கிழக்கிந்திய ரயில்வே கட்டி முடித்தது என்று படித்திருக்கிறேன். அக்காலத்துப் பெரிய பாலங்களின் சட்டகங்கள் தேனிரும்பால் (கரிமம் மிகக் குறைந்த, அடித்து உருவாக்கும் இரும்பால்) ஆனவை. இன்றைய எஞ்சின்களின் எடை அன்றைய எஞ்சின்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்க, அந்தப் பழைய இரும்பு இதை எவ்வாறு தாங்குகிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – கர்டர் கணேசன்

அந்தத் தேனிரும்பு இன்று சுமையைத் தாங்கவில்லை. அது அகற்றப்பட்டு ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகிவிட்டன. 1866இல் கட்டப்பட்டது ஒற்றை வழித்தடப் பாலம்; அதில் ஒவ்வொன்றும் 202.5 அடி நீளமுள்ள 12 கண்கள் (அடுத்தடுத்த தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) இருந்தன. 1913இல் அதனருகே இரண்டாம் வழித்தடத்துக்கான சட்டகங்கள் சேர்க்கப்பட்டன. பின்னர் 1930களின் தொடக்கத்தில், கல்கத்தாவின் பிரெய்த்வெய்ட் நிறுவனம் இரு வழித்தடங்களின் சட்டகங்களையும் கழற்றிவிட்டு, 203 அடி நீள எஃகுச் சட்டகங்களைப் பொருத்தியது.

காரணம் நீங்கள் ஐயுற்றதேதான். 1860களில் பாலம் கட்டும் அளவுக்கு எஃகு மலிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே கசடு இழையோடிய தேனிரும்பையே பொறியாளர்கள் நம்பினார்கள். எஞ்சின்கள் கனத்துக்கொண்டே போனபோது, அதைவிட வலுவான எஃகுக்கு மாறுவது தவிர்க்க முடியாததாயிற்று. ஆகவே இன்று நம் கண்ணுக்குத் தெரியும் சட்டகத்தை 1866ஐச் சேர்ந்தது என்று எழுதுவது பிழை என்பதே என் உறுதியான கருத்து.

பதில் – கோட்டை நேசன்

மேலே கூறப்பட்ட விவரங்களை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. புதிய சட்டகத்தின் நீளம் பழையதை ஏறத்தாழ அப்படியே ஒத்திருப்பதைக் கவனியுங்கள். எஃகைக் கொண்டு இன்னும் அகலமான கண்களை அமைத்திருக்க முடியும்; அவ்வாறு செய்யாததற்குக் காரணம், தூண்கள் நின்ற இடத்திலேயே நின்றதுதான். ஆற்றுப் பாலத்தில் அரிய வேலை நீருக்குக் கீழேதான் இருக்கிறது. வட இந்திய ஆறுகளின் ஆழமான மணலில் செங்கல் கிணறுகளைக் கட்டி, உள்ளேயிருந்து மணலைத் தோண்டித் தோண்டி, அவை தம் எடையாலேயே இறங்கும்படி செய்து, அவற்றின்மேல் தூண்களை எழுப்பினார்கள். சட்டகத்தைச் சில மாதங்களில் மாற்றிவிடலாம். வெள்ளத்துக்கு அசையாத அடித்தளத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

பாலம் கரையேறும் இடத்தையும் மறக்க வேண்டாம். 1546இல் இஸ்லாம் ஷா சூரி எழுப்பிய சலீம்கர் கோட்டையின் ஊடாகவே ரயில் பாதை நகருக்குள் நுழைகிறது. பழம்பெருமை வாய்ந்த ஒரு கோட்டையைப் பிளந்துகொண்டு தண்டவாளம் போட்டதை என்னால் இன்றும் வருத்தமின்றிப் பார்க்க முடிவதில்லை. அருகில் புதிய பாலம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகள் தடைபட்டதற்கும், பாதை இக்கோட்டையைத் தொடுவது குறித்துத் தொல்லியல் துறை எழுப்பிய ஆட்சேபமே முக்கியக் காரணம்.

ஷாதரா வாசி

இருவருக்கும் நன்றி. அப்படியானால், மழைக்காலத்தில் பாலத்தை மூடுவது அதன் வலுவின்மையால் அல்ல என்று கொள்ளலாமா?

பதில் – நீர்மட்டம்

முதன்மைக் காரணம் ஆற்றின் உயரம். தில்லியில் யமுனையின் வெள்ள அளவு இப்பாலத்தில்தான் கணிக்கப்படுகிறது. இங்கு அபாயக் குறி 205.33 மீட்டர். 1978இல் நீர் 207.49 மீட்டரைத் தொட்டது. 2023 ஜூலை 13 அன்று 208.66 மீட்டருக்கு உயர்ந்து அந்தப் பதிவை முறியடித்தது. நீர் அவ்வளவு ஏறும்போது கீழ்த்தளச் சாலையை முதலில் மூடுவதும், தேவைப்பட்டால் ரயில்களை வேறு பாதையில் திருப்பிவிடுவதும் வழக்கம். வெள்ளம் வடிந்த பிறகு தூண்களைச் சுற்றி மணல் எவ்வளவு அரிக்கப்பட்டுள்ளது என்பதே பொறியாளர்கள் முதலில் கவனிக்க வேண்டியது. அந்த வகையில் கோட்டை நேசன் அடித்தளத்துக்குத் தரும் முதன்மை சரியே.